பழைய சராசரியைக் கைவிட்ட ஊர்

நான் குடியிருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "அங்கே தண்ணீர்க் கஷ்டம் உண்டா?" என்று கேட்பார்கள். "குழாயில் இல்லை, அணையில் உண்டு" என்பேன். அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

1974 வரை இந்நகரின் அணைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 12 டிஎம்சி தண்ணீர் வந்தது. 1970களின் நடுவிலிருந்து மழை குறையத் தொடங்கியது. குறைந்தது என்னவோ ஐந்தில் ஒரு பங்குதான். அணைக்கு வரும் நீரிலோ ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. 2010இல் அரை டிஎம்சிகூடத் தேறவில்லை.

ஏன் இப்படி? அணைகள் இருக்கும் டார்லிங் மலைச்சரிவு முழுக்க ஜாரா மரக்காடு. பெய்கிற மழையில் காய்ந்த மண்ணும் மரங்களும் குடித்தது போக மிஞ்சுவதுதான் ஓடையில் இறங்கும். மழை குறைந்தாலும் அவற்றின் தேவை குறையாது. வெட்டு முழுவதும் அந்த மிச்சத்தில்தான் விழும். நிலத்தடி நீர்மட்டமும் இறங்கிவிட்டதால், ஓடைகளுக்கு அடியிலிருந்து ஊறி வந்த நீரும் பல இடங்களில் நின்றுபோனது.

இங்கேதான் திட்டமிட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். 'இது வறட்சி, அடுத்த வருஷம் சரியாகிவிடும்' என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பழைய சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, குறைந்த மழைதான் இனி வழக்கம் என்று கணக்குப் போட்டார்கள். தொலைவடக்கே கிம்பர்லியிலிருந்து 3,700 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டலாம் என்றுகூட 2005 தேர்தலில் பேச்சு எழுந்தது. அது நடக்காமல் போனதே நல்லது. 2006இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தது. ஆஸ்திரேலியாவில் இவ்வளவு பெரிய ஆலை அதுதான் முதல். ஆண்டுக்கு 1.6 டிஎம்சி தரும். அது செலவழிக்கும் மின்சாரத்துக்கு ஈடாக எமு டவுன்ஸ் காற்றாலைகள். பிறகு பின்னிங்கப்பில் இன்னொன்று. விரிவாக்கிய பின் அதன் அளவு 3.5 டிஎம்சி.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது பீன்யப்பில் நடந்தது. வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி, புறஊதாக் கதிரும் பாய்ச்சி, ஆழத்திலுள்ள நீர்த்தாங்கு பாறைகளுக்குள் செலுத்துகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அது மேலே எடுக்கப்பட்டு, மறுபடி சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்க்கு வரும். சாக்கடைத் தண்ணீரைக் குடிப்பதா என்று எந்த ஊரிலும் முகம் சுளிப்பார்கள். அதனால் 2010 முதல் 2012 வரை மக்கள் நேரில் வந்து பார்க்கும்படி சோதனை நடத்தினார்கள். முழு அளவில் தொடங்கியது 2017இல். இன்று ஆண்டுக்கு ஒரு டிஎம்சி வரை பூமிக்குள் அனுப்ப முடியும்.

அப்படியும் என் கவலை நிலத்தடி நீரைப் பற்றித்தான். நகரின் வடக்கே நங்காரா என்னும் பெரிய மணற்பரப்பின் அடியிலிருந்து பல்லாண்டுகளாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறோம். மேலிருந்து இறங்கும் மழைநீரும் குறைந்துவிட்டது. யான்செப் தேசியப் பூங்காவின் குகைகளில் ஓடிய நீரோடைகள் வற்றிவிட்டன. அவற்றில் மர வேர்களை அண்டி வாழ்ந்த சிற்றுயிர்களும் அழிவின் விளிம்புக்குப் போயின. ஒரு நகரம் தோட்டம் வளர்க்க இது நியாயமான விலையே இல்லை. 2022இல் வீட்டுப் போர்வெல்லில் ஸ்பிரிங்ளர் ஓட்டும் நாட்களை வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அதை இன்னும் முன்னரே செய்திருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீருக்கும் அதே இரண்டு நாள்தான். எந்த நாள் என்பதை வீட்டு எண்ணின் கடைசி இலக்கம் சொல்லும். எங்கள் வீட்டுக்குப் புதனும் சனியும், அதுவும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலத்தில் அறவே கூடாது.

இப்போது அல்கிமோஸில் மூன்றாவது கடல்நீர் ஆலை எழுகிறது. ஆலை கூடக் கூட மின்சாரமும் கூடும், கட்டணமும் கூடும். ஒரு வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 40 சதவீதம் வீட்டுக்கு வெளியேதான் செலவாகிறது. பெர்த்துக்கு வந்து வீடு கட்டும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புல்தரையைச் சிறிதாக வையுங்கள். மிச்ச இடத்தில் பேங்சியா, கங்காரு பா போன்ற இந்த மண்ணின் செடிகளை நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும்.