திரையில் தோன்றும் எழுத்தும் உள்ளே உறையும் எழுத்தும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மகா ஓயாவுக்கு வடக்கே நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரம் மொழி ஆய்வாளர் கவனத்தை ஈர்க்கும் பிரதேசங்களுள் ஒன்றாகும். உடப்பில் தமிழ் இந்துக்கள் வாழ்கின்றனர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்துள்ளனர். சிலாபத்தை அண்டிய மீனவக் கத்தோலிக்கரிடையே தமிழும் சிங்களமும் ஒரே குடும்பத்தினுள் வழங்குதல் நெடுங்கால வழக்கு. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் இக்கரையிலுள்ள கற்பிட்டியிலேயே.

இப்பிரதேசத்தில் தமிழ் ஒரே வரிவடிவத்திற்குள் அடங்கி நிற்பதில்லை. தமிழ் எழுத்து பொது வழக்கு. சமய நூல்களில் அறபெழுத்தால் எழுதப்பட்ட அறபுத் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் மரபுச் செல்வம். சிங்கள மொழியிற் கல்வி கற்றோர் தமிழ்ப் பெயர்களையும் சொற்களையும் சிங்கள எழுத்தில் எழுதுகின்றனர். இம்மூன்று வரிவடிவங்களையும் கணினித் திரை எவ்வாறு காட்டுகிறது, அக்காட்சியை நாம் எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் 'ரெக்ஸ்ற் எடிற்றர்' என்னும் செயலியை ஈண்டு உரைத்தொகுப்பி என வழங்குவோம்.

1. எண்ணும் வடிவும்

கணினியின் நினைவகத்தில் எழுத்துகள் இல்லை, எண்களே உள்ளன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையான எண்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டன. 'க' என்பதன் எண் 2965. புள்ளியின் எண் 3021. சிங்களம் 1999இல் யுனிக்கோட்டின் மூன்றாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்குரிய நியமத்தை 2008இல் 1326 என்னும் இலக்கத்துடன் வெளியிட்டது.

இந்த உடன்பாடு வேரூன்றுவதற்கு முன்னர் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்காயிருந்தது 'பாமினி' எழுத்துருவாகும். அதில் 'தமிழ்' என எழுதினால் உள்ளே பதிவாவன 106, 107, 112, 111, 59 என்னும் எண்கள். இவற்றுள் முதல் நான்கும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு உரியவை; இறுதியது அரைப்புள்ளிக்கு உரியது. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. அப்போர்வை இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். தோற்றத்தை மட்டும் தமிழாக்குவது மொழியைக் கணினிக்குள் கொண்டுவருவதாகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

2. காட்சி உருவாகும் முறை

யுனிக்கோட் முறையில் ஓர் உயிர்மெய் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களால் ஆனது. 'புத்தளம்' என்னும் சொல்லில் இலக்கண நூலார் கணக்கின்படி ஐந்து எழுத்துகள். கணினியின் கணக்கில் எட்டு எண்கள். பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைற்றுகள் வேண்டுமாதலால், இச்சொல் 24 பைற்றுகளைப் பிடிக்கும்.

இவ்வெண் வரிசை திரைக்கு வருமுன் மூன்று படிகளைக் கடக்கிறது. முதலாவதாக, உரைத்தொகுப்பி எழுத்தோட்டத்தின் திசையைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதாக, வடிவமைப்புப் பொறி எண்களை ஒருங்கு சேர்க்கிறது. ஒலிப்பு வரிசையில் 'க'வுக்குப் பின் நிற்கும் எகரக் குறியைக் காட்சியில் முன்னே நகர்த்திக் 'கெ' ஆக்குவது இப்பொறியே. மூன்றாவதாக, எழுத்துரு இறுதி வடிவத்தை வரைகிறது.

இம்மூன்றும் வேறுவேறானவை என்பதை 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் நன்கு விளக்கும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் அப்போது மாற்றப்பட்டது. யுனிக்கோட்டில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. பழைய வடிவை வரையும் எழுத்துருவைத் தெரிவுசெய்தால், இன்று தட்டெழுதிய கோப்பும் பழைய அச்சுநூல் போலத் தோன்றும். உள்ளே எதுவும் மாறாது.

3. ஒன்றுபோற் தோன்றும் வேறு சொற்கள்

வடிவம் மாறியும் எண் மாறாத நிலையை மேலே கண்டோம். இதற்கு மறுதலையான நிலையே சிக்கலுக்குரியது. வடிவம் ஒன்றாயிருக்க, எண்கள் வேறுபடலாம்.

புத்தளத்தில் அன்றாடம் வழங்கும் 'மௌலவி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மகரத்தின் பின் ஔகாரக் குறிக்குரிய 3020 என்னும் எண்ணை இட்டு எழுதுவது ஒரு முறை. இதில் ஐந்து எண்கள் உள்ளன. ஔகாரக் குறியை 3014, 3031 என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். அப்போது எண்கள் ஆறு. இவ்விரண்டும் சமமானவை என்பது யுனிக்கோட் விதி. ஒழுங்காக அமைந்த செயலி தேடலுக்கு முன் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும்.

மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. எகரக் குறியை அடுத்து 2995 என்னும் எண்ணையுடைய ளகர மெய்யெழுத்தையே இட்டு 'மெளலவி' எனப் பலர் தட்டெழுதுகின்றனர். பல எழுத்துருக்களில் இது முன்னையவற்றினின்றும் வேறுபட்டுத் தோன்றாது. ஆயினும் கணினிக்கு இது மெ, ள, ல, வி என்னும் நான்கெழுத்துச் சொல். யுனிக்கோட் விதி இதனை மற்றவற்றோடு சமப்படுத்தாது; சமப்படுத்தவும் முடியாது. பௌசியா, நௌபர், சௌந்தரம் போன்ற ஆட்பெயர்களுக்கும் இந்நிலையே. 'ஔவை' என்பதும் 'ஒளவை' என்பதும் இவ்வாறே வேறுபடும்.

அவ்வாறாயின் எகரக் குறியும் ளகரமும் அடுத்து வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என எண்ணத் தோன்றும். வெள்ளம், வெள்ளி, தெளிவு, வெளியீடு ஆகிய சொற்களில் உண்மையான ளகரமே நிற்கிறது. கண்மூடித்தனமான மாற்றம் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிடும். இத்தகைய திரிந்த வடிவங்கள் இலங்கை இணையச் செய்திகளிற் காணப்படுவன. ளகரத்தைப் புள்ளியோ உயிர்க்குறியோ தொடர்ந்தால் அது மெய்யான ளகரம் என்பது பயனுள்ள விதி. எனினும் எஞ்சிய இடங்களை மொழியறிவுடையார் ஒருவர் நோக்கியே தீரவேண்டும்.

4. திசை என்னும் சிக்கல்

கீழக்கரையைச் சேர்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) போன்றோர் வளர்த்த அறபுத் தமிழ் மரபு இலங்கை முஸ்லிம்களிடையேயும் பரவியது. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அறபெழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகள் ஆக்கப்பட்டன. இவ்வெழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. ஓர் எழுத்து தனித்தும், சொல்லின் முதல், இடை, கடை ஆகிய நிலைகளிலும் வெவ்வேறு வடிவங் கொள்ளும். நினைவகத்திலோ எழுத்துகள் வாசிக்கும் ஒழுங்கிலேயே வைக்கப்படுகின்றன. திசையும் வடிவும் காட்சி நேரத்தில் அமைவன.

அறபுத் தமிழ்ப் பாடமும் தமிழெழுத்து விளக்கமும் ஒரே வரியில் வரும்போது, திசை விதிகளை அறியாத உரைத்தொகுப்பி சொற்களை முன்பின்னாக மாற்றிக் காட்டும். ஈமாக்ஸ் என்னும் பழம்பெரும் உரைத்தொகுப்பி இருதிசை எழுத்தைக் காட்டும் ஆற்றலை 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பிலேயே பெற்றது என்பது இப்பணியின் கடினத்தை உணர்த்தும்.

திசையை மாற்றவெனக் கண்ணுக்குப் புலப்படாத குறிகளும் உள்ளன. இவற்றை நிரலுரையினுட் செருகி, வாசிப்பவர் காண்பது ஒன்றாகவும் கணினி நிறைவேற்றுவது வேறொன்றாகவும் ஆக்க முடியும் என்பதைக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் நிக்கொலஸ் பௌச்சர், றொஸ் அன்டர்சன் ஆகியோர் 2021இல் எடுத்துக்காட்டினர். மறைகுறிகள் யாவும் தீங்கானவை என இதற்குப் பொருளில்லை. நாட்டின் பெயரிலுள்ள 'ஸ்ரீ'யைச் சிங்களத்தில் உரிய கூட்டெழுத்தாக எழுதுவதற்கு, 8205 என்னும் எண்ணையுடைய புலப்படா இணைப்பி இன்றியமையாதது. மறைகுறிகளைக் களையெனக் கருதிப் பிடுங்கியெறியும் செயலி அக்கூட்டெழுத்தைச் சிதைத்துவிடும்.

5. கட்டுப்பாட்டுக் கருவிகள்

ஆகவே உரைத்தொகுப்பியைப் பயன்படுத்துவோர் காட்சியை இரு நிலைகளில் வைத்திருக்கப் பழகுதல் வேண்டும். ஒன்று வாசிப்பு நிலை. மற்றையது பரிசோதனை நிலை. வாசிப்பு நிலையில் எழுத்துகள் முறையாகக் கூடித் தோன்றும். பரிசோதனை நிலையில் அவற்றின் உட்கூறுகள் வெளிப்படும்.

ஈமாக்ஸில் எழுத்துக் கூட்டலைத் தற்காலிகமாக நிறுத்தினால் உயிர்க்குறிகள் தனித்தனியே நிற்கக் காணலாம். ஓர் எழுத்தின் மேல் நிலைகாட்டியை வைத்து அதன் எண், பெயர், அதை வரையும் எழுத்துரு ஆகியவற்றைக் கேட்டறியலாம். புலப்படாக் குறிகளை வெற்றிடமாகவோ, சிறு பெட்டியாகவோ, பெட்டிக்குள் எண்ணாகவோ காட்டுமாறு பணிக்கலாம். விம் என்னும் உரைத்தொகுப்பியில் 'ஜி', 'ஏ' என்னும் இரு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் நிலைகாட்டி நிற்கும் எழுத்தின் எண் தோன்றும். இவை நிரலாளருக்கு மட்டும் உரியவை அல்ல. பெயர்ப்பட்டியல் தயாரிப்போரும் நூற்பதிப்பாளரும் அறிந்திருக்கவேண்டியவை.

ஏட்டுச்சுவடி மரபை அறிந்தோர்க்கு இப்பயிற்சி புதிதன்று. சுவடிகளிற் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலான பதிப்பாசிரியர்கள் கண்ட வடிவையும் கருதிய எழுத்தையும் வேறுபிரித்து நோக்கியே பாடத்தை நிலைநிறுத்தினர். ஏட்டில் ஒரு வடிவம் பல எழுத்துகளுக்குப் பொதுவாயிற்று. இன்று ஒரு வடிவத்தின் கீழ்ப் பல எண் வரிசைகள் மறைந்துள்ளன. வேண்டப்படும் விழிப்பு ஒன்றே.

6. சமூகப் பொருத்தப்பாடு

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் எனப் பொதுவாகக் கூறப்படும் அம்மக்களுட் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்திலாகும். பிறந்த பதிவு ஒரு மாவட்டத்திலும், வாழிடப் பதிவு இன்னொரு மாவட்டத்திலும், காணி உறுதி வேறோரிடத்திலும் இருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. அத்தகையோருக்குப் பெயர் என்பது பல ஆவணங்களை ஒன்றிணைக்கும் ஒரே கயிறு.

ஒரு பட்டியலில் 'பௌசியா' முறையான ஔகாரக் குறியுடனும் மற்றொன்றில் ளகரத்துடனும் பதிவாகியிருப்பின், தேடும் செயலி 'அப்பெயர் இல்லை' என்றே விடை பகரும். திரையில் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் அலுவலரின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. குற்றம் விண்ணப்பதாரர் மீதே சென்று விழும். பெயர் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மீண்டும் தமிழுக்கும் எழுத்துப்பெயர்க்கப்படும்போது இவ்விடர் மேலும் பெருகும். தொழில்நுட்பக் குறைபாடு என ஒதுக்கப்படுவது இவ்வாறு உரிமை மறுப்பாக முடியக்கூடும். அதன் சுமை ஏலவே இடம்பெயர்ந்து நலிந்தோர் மீதே கூடுதலாக அழுத்தும்.

தமிழுக்கு வேறு குறியேற்றம் வேண்டும் என்னும் வாதமும் எழுந்ததுண்டு. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் வழங்கும் பதினாறு துணுக்கு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. அதில் உயிர்மெய் பிளவுபடாது என்பது உண்மையே. ஆனால் தட்டெழுதுவோர் ஔகாரத்துக்குப் பதில் ளகரத்தை இடுவதை எந்தக் குறியேற்றமும் தடுக்காது. உலகெங்கும் யுனிக்கோட்டே நிலைபெற்றுவிட்ட சூழலில், அதனுள் நின்று ஒழுங்கை ஏற்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

இதற்குச் செய்யத்தக்கன மூன்று. பட்டியல்களிற் சேர்க்கும்போதே பெயர்களை ஒரே நியம வடிவுக்குக் கொண்டுவரல் வேண்டும். எகரக் குறியை ளகரம் தொடரும் இடங்களையும் மறைகுறிகளையும் நிறமிட்டுக் காட்டுமாறு உரைத்தொகுப்பிகளை அமைத்தல் வேண்டும். இவ்விரண்டையும் புரிந்து செயற்படுத்தக்கூடிய பயிற்சி, தமிழிற் பணிபுரியும் பதிவாளர், எழுதுநர், ஆசிரியர் ஆகியோருக்கு வழங்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் கூடி, புத்தளம் போன்ற பன்மொழிப் பிரதேசத்தின் ஆட்பெயர்களையும் இடப்பெயர்களையும் மூன்று எழுத்துகளிலும் தொகுத்து ஒப்பீட்டு அகராதி ஒன்றை ஆக்குமாயின், அது இப்பணிக்கு உறுதியான அடித்தளமாக அமையும்.