குழாய்க்குள் நடந்ததை எண்ணோடு சொல்லுங்கள்

நார்வேயின் வடகோடியில், ஹாமர்ஃபெஸ்ட் நகரை ஒட்டிய மெல்கோயா தீவில் ஓர் எரிவாயு ஆலை இருக்கிறது. பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் வயலிலிருந்து அதற்கு வாயு கொண்டுவரும் குழாயின் நீளம் 143 கிலோமீட்டர். வயலில் கடலுக்கு மேலே மேடை எதுவும் கிடையாது. கிணற்றிலிருந்து வாயுவும், அதோடு சேர்ந்து வரும் இலகுவான எண்ணெயும் நீரும் பிரிக்கப்படாமல் ஒரே குழாயில் கரைக்கு வருகின்றன. 2007இல் இது இயங்கத் தொடங்கியது. அதற்கு முப்பது ஆண்டு முன்னால் யாராவது இப்படியொரு வரைபடத்தை நீட்டியிருந்தால் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இடைப்பட்ட காலத்தில் ஆய்வுக்கூடங்களும் எண்ணெய் நிறுவனங்களும் தாங்கள் அளந்ததைக் கட்டுரையாக எழுதி, மாநாடுகளில் ஒருவர் முன் ஒருவர் வைத்து, வாதாடித் திருத்திக்கொண்டதுதான் அந்தக் கையெழுத்துக்கு வழிவிட்டது.

வாயுவும் திரவமும் ஒரே குழாயில் சேர்ந்து ஓடுவதைப் பன்னிலைப் பாய்வு என்கிறார்கள். இரண்டு நாள் தண்ணீர் நின்றுபோய் மறுபடி வரும்போது வீட்டுக் குழாய் காற்றையும் நீரையும் மாறிமாறித் துப்புமே, அதே குணம்தான் இங்கும். வாயு வேகம் குறைந்தால் திரவம் அடியில் தங்கி ஓடும். வேகம் கூடினால் அலை எழும்பி, குழாயை முழுவதும் அடைத்த திரவக் கட்டிகளாகப் பாயும். இந்தக் கட்டிக்குத் துறையில் ‘ஸ்லக்’ என்று பெயர். கரையில் அதை வாங்கிக்கொள்ள ‘ஸ்லக் கேட்சர்’ என்ற பெரிய கொள்கலன் வேண்டும். அதை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பது கணக்கைப் பொறுத்தது. குறைத்துக் கணக்கிட்டால் ஆலை திரவத்தில் மூழ்கும், கூட்டிக் கணக்கிட்டால் பணம் வீணாகும்.

கணக்கை ஒரே ஒரு டிகிரி சாய்வுகூடப் புரட்டிவிடும். கிடைமட்டத்தில் அமைதியாக ஓடும் திரவம், லேசான ஏற்றம் வந்ததும் தயங்கித் தேங்குகிறது. வாயுவின் வேகம் குறைவாக இருந்தால் கடலடியின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டையாகிவிடும். குளிர் இன்னொரு பகை. 1934இல் அமெரிக்காவின் ஹாமர்ஷ்மிட் எழுதிய கட்டுரைதான், வாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டி அல்ல, வாயுவும் நீரும் சேர்ந்து உறையும் ஹைட்ரேட் என்று தொழிலுக்குப் புரியவைத்தது. நீரின் உறைநிலைக்கு மேலேயே அது உருவாகிவிடும்.

இந்தத் துறைக்கென்றே தனி மாநாடுகள் உண்டு. பிரிட்டனின் பிஎச்ஆர் குரூப் நடத்திவந்தவை பெயர் பெற்றவை: ஓராண்டு பிரான்சின் கான் நகரில், அடுத்த ஆண்டு கனடாவின் பான்ஃபில் என்று நெடுங்காலம் மாறிமாறி நடந்தன. கட்டுரை அனுப்பும் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அழைப்பு வரும். முதலில் சில நூறு சொற்களில் சுருக்கம் அனுப்ப வேண்டும். நிறுவனப் பொறியாளர்களும் பேராசிரியர்களும் கொண்ட தொழில்நுட்பக் குழு அதைப் படித்துத் தேர்வு செய்யும். பிறகு முழுக் கட்டுரை, மதிப்பாய்வு, திருத்தம், கடைசியில் மேடை. முழுக் கட்டுரை கைக்கு வராவிட்டால் மேடை கிடையாது என்ற விதியைப் பெரிய பொறியியல் சங்கங்கள் கறாராகவே வைத்திருக்கின்றன. விளம்பர வாடை அடிக்கும் சுருக்கம் முதல் வடிகட்டலிலேயே போய்விடும்.

உண்மையான தடை குழுவில் இல்லை, எழுதுபவரின் அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு வயலுக்குப் பல நிறுவனங்கள் பங்குதாரர்களாக இருக்கும்; அத்தனை பேரின் ஒப்புதலும் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்து சேரும்போது அழுத்தமும் பாய்வும் காட்டும் வரைபடத்தின் அச்சுகளில் எண்கள் இருக்காது. கோடு ஏறுவதும் இறங்குவதும் தெரியும், அழுத்தம் எத்தனை பார் ஏறியது என்பது தெரியாது. அப்படிப்பட்ட கட்டுரை பாதிக் கட்டுரைதான் என்பேன். படிப்பவர் அதை வைத்துத் தன் கணக்கைச் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாததை நம்பி எப்படிக் குழாய் போடுவது?

எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? 1973இல் பெக்ஸும் பிரில்லும் வெளியிட்ட, இன்றும் மென்பொருள்களில் உயிரோடிருக்கும் சூத்திரம் ஓர் அங்குலமும் ஒன்றரை அங்குலமும் விட்டமுள்ள அக்ரிலிக் குழாய்களில் காற்றையும் நீரையும் ஓட்டிப் பெற்றது. ஆனால் வயலில் கிடப்பதோ முப்பது அங்குலக் குழாய், உள்ளே உயர் அழுத்தம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 1980களில் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் அருகே டில்லரில் சின்டெஃப் நிறுவனம் எட்டு அங்குலக் குழாயில் சோதனைச் சுற்று ஒன்றைக் கட்டி, நைட்ரஜனையும் டீசலையும் அழுத்தத்தில் ஓட்டி அளந்தது. அந்த அளவுகள் ‘ஓல்கா’ என்ற கணிப்பு மென்பொருளுக்கு அடித்தளமாயின. எட்டிலிருந்து முப்பதுக்குப் போகும் தூரத்தை இன்றும் வயல் தரவுதான் நிரப்ப வேண்டும்.

அதனால் நல்ல கட்டுரை எது என்று கேட்டால், குழாயின் உள்விட்டம், கடலடியின் மேடுபள்ளம் மழுப்பப்படாத வடிவில், திரவத்தின் இயல்பு, அழுத்தம், வெப்பநிலை, அளவுகருவியின் பிழை இவ்வளவும் உள்ளதைச் சொல்வேன். உள்ளே எவ்வளவு திரவம் தேங்கியிருந்தது என்பதைக் குழாயைத் துடைக்கும் ‘பிக்’ தள்ளிவந்த அளவை வைத்துக் காட்டினால் இன்னும் நம்பிக்கை வரும். கணிப்பை முன்கூட்டியே செய்தார்களா, அளந்த பிறகு எண்களைத் திருகிப் பொருத்தினார்களா என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். குழாயின் சொரசொரப்பைச் சற்று மாற்றினாலே எந்தக் கணிப்பு மாதிரியும் எந்த வளைவோடும் ஒத்துப்போகும். அதை வெற்றி என்று மேடையேற்றுவது அடுத்து வடிவமைப்பவரைக் குழியில் தள்ளும். பொருந்தாமல் போன கணிப்பைப் பொருந்தவில்லை என்று எழுதும் கட்டுரைக்கு அரங்கில் எழும் கேள்விகள்தான் மிகவும் பயனுள்ளவை.

இந்தியாவுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. மும்பை ஹை வயலில் கிணற்று மேடைகளிலிருந்து பிரிப்பு மேடைகளுக்கு எண்ணெயும் வாயுவும் நீரும் ஒன்றாகவே ஓடுகின்றன. 1976இல் உற்பத்தி தொடங்கிய வயல் அது. வயது ஏற ஏற நீரின் பங்கு கூடும் குழாய்களின் நீண்ட காலப் பதிவுகளுக்கு எந்த மாநாட்டிலும் இடம் உண்டு.

இப்போது துறையின் பேசுபொருள் விரிகிறது. பிடிக்கப்பட்ட கரியமில வாயுவை நிலத்தடியில் புதைக்கும் நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் 2025இல் செலுத்தலைத் தொடங்கியிருக்கிறது. அழுத்தம் குறைந்த, காலியான பழைய வயல்களுக்குள் திரவமாக்கிய கரியமில வாயுவை இறக்கினால் அது வழியிலேயே கொதித்து இருநிலையாகிக் கடுமையாகக் குளிரும். சிறிதளவு நைட்ரஜனோ ஹைட்ரஜனோ கலந்திருந்தால் கொதிக்கும் அழுத்தமே மாறிவிடும். எண்ணெய்க்கு அரை நூற்றாண்டு அளவுகள் கைவசம் இருக்கின்றன. கரியமில வாயுவுக்கோ பெரிய குழாயில், பல ஆண்டு ஓட்டத்தில் எடுத்த பதிவுகள் மிகக் குறைவு. இந்தக் குழாய்களை இயக்குபவர்கள் அச்சுகளில் எண்களோடு அனுப்பும் முதல் சில கட்டுரைகளை வைத்துத்தான் அடுத்த குழாய்களின் விட்டம் முடிவாகும்.