ஆயிரம் பேர் ஆடும் ஆட்டத்திற்கு நடுவர் யார்?

தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி ஆகிய மூன்றும் நம் கோவில்பட்டியின் பெருமைகள். இவற்றுள் ஹாக்கியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கைப்பேசிக்குள் நடக்கும் விந்தை ஒன்றைக் காண்போமா?

ஹாக்கியில் நடுவர் எத்தனை பேர் என்று கவனித்திருக்கிறீர்களா? இருவர். மைதானத்தை இரு பாதியாகப் பங்கிட்டு, ஆளுக்கொரு பாதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் பொறுப்பும் கைமாறுகிறது.

இணையத்தில் பல்லாயிரம் பேர் கூடி ஆடும் ஆட்டங்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கே நடுவர், 'சர்வர்' எனப்படும் கணிப்பொறி. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொருள் யார் கையில் உள்ளது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் அதன் தீர்ப்பே முடிவானது. அவரவர் கைப்பேசியை நம்பினால், ஆளுக்கு ஆள் "நான்தான் ஜெயித்தேன்" என்பார்களே!

ஒரு நடுவர் போதாதா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்துப் பேர் ஆடினால், ஒவ்வொருவர் நகர்வதையும் மற்ற ஒன்பது பேருக்கும் சொல்ல வேண்டும்; ஆக 90 செய்திகள். நூறு பேரானால் 9,900. ஆயிரம் பேரானால் 9,99,000! ஆட்கள் நூறு மடங்கு பெருக, வேலையோ பதினோராயிரம் மடங்கு பெருகிவிட்டது. அதுவும் விநாடிக்குப் பல தடவை.

இதற்கு எளிய வழி, கூட்டத்தைப் பிரித்துவிடுவது. 2021-இல் நம் நாட்டில் வெளியான 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' ஆட்டத்தில் ஒரு தீவில் நூறு பேர் இறங்குவார்கள். இலட்சம் பேர் வந்தால் ஆயிரம் தீவுகள். ஒரு தீவின் செய்தி அடுத்த தீவுக்குத் தேவையில்லை. வீடு வீடாகக் கொடுத்துத் தீப்பெட்டி ஒட்டச் சொல்வதைப் போல. இந்த வீடு அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டா ஒட்டுகிறது?

எல்லாரும் ஒரே உலகில்தான் இருப்போம் என்றால்தான் தொல்லை. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' அத்தகையது. அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள். அவற்றைப் பல கணிப்பொறிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் ஒரு மண்டலத்தை இரண்டாகப் பிளக்க முடியாது. 2014 ஜனவரி 27 அன்று ஒரே மண்டலத்தில் போர் மூண்டது. சுமார் 21 மணி நேரம் நீடித்த அப்போரில் ஏழாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றனர். கணிப்பொறி என்ன செய்தது தெரியுமா? காலத்தையே மெதுவாக்கியது! வெளியே பத்து விநாடி கழிந்தால், உள்ளே ஒரு விநாடி. எல்லாருக்கும் ஒரே தாமதம் என்பதால் எவருக்கும் அநீதியில்லை. (தேர்வு அறையில் இப்படி ஒரு வசதி இல்லையே!)

நடுவர்கள் பலரானால் வேறொரு சிக்கலும் வரும். ஒரே வாளை இருவர் ஒரே கணத்தில் எடுத்தால்? ஒருவர் எடுத்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆனால் என் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நான் உன் காம்பஸுக்கும், காம்பஸைப் பிடித்துக்கொண்டு நீ என் ஸ்கேலுக்கும் காத்திருந்தால் இருவரும் வட்டம் வரைந்தபாடில்லை. இதற்கு 'டெட்லாக்' என்று பெயர். முதலில் ஸ்கேல், பிறகுதான் காம்பஸ் என்று எல்லாருக்கும் ஒரே வரிசையை விதித்துவிட்டால் அது நேராது.

எங்கள் தோழி ஒருத்தியின் வீடு கரிசல்காட்டு நடுவே உள்ளது. அங்கே சிக்னல் கிடைப்பதே அரிது. அவளுடைய தம்பி ஒவ்வொரு முறை தோற்கும்போதும், "நான்தான் முதல்ல சுட்டேன்" என்று அழுவானாம். பொய் சொல்கிறான் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பைக்குச் செய்தி போய்வர, விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் 12 பங்கே போதும். இலண்டனுக்கு 80 பங்குக்கு மேல். சிக்னல் குறைந்தாலோ இதைவிடப் பல மடங்கு ஆகும். ஆகவே அவன் விரல் முந்தியிருக்கலாம்; செய்திதான் பிந்திவிட்டது.

சில ஆட்டங்களில் சர்வர் கடிகாரத்தைச் சற்றுப் பின்னே திருப்பி, சுட்ட கணத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தபடியே தீர்ப்புச் சொல்லும். அவனுக்கு அது நியாயம். அதற்குள் ஓடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டவனுக்கு? அவனும் அழத்தான் செய்வான்!

இவ்வளவையும் தம்பிக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவன், "அப்போ நான்தானே முதல்ல சுட்டேன்?" என்றான்.