செவியிரைச்சலும் உணவும்

புறத்தே ஒலி இல்லாதிருக்கவும் செவியினுள் வண்டு இரைவது போன்ற ஓசை கேட்டலும், பிறர்க்கு இயல்பான ஒலி தமக்குப் பொறுக்கலாகாமையும் ஆகிய துன்பங்களை உடையார் பலர். உணவை மாற்றின் இவை தணியுமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உட்செவியில் நத்தையோடு போன்ற சுருள் ஒன்று உளது. பேரொலியாலும் முதுமையாலும் அதன் நுண்மயிர் உயிரணுக்கள் அழியும். அங்ஙனம் அழிந்தவற்றை எவ்வுணவும் மீட்டுத் தருவதில்லை. காப்பியை விடுத்தல் நலம் என்பர் சிலர். ஆனால், 2010-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வில், அதனை விடுத்தார்க்கு இரைச்சல் குறைந்திலது. விடுத்ததனாலாய தொல்லைகளே தோன்றின. அமெரிக்கச் செவிமருத்துவர் கழகத்தாரும் 2014-இல் துத்தநாகம், ஜிங்கோ முதலியவற்றை இரைச்சலுக்கெனப் பரிந்துரைத்தல் வேண்டா என்றனர். 1861-இல் பாரிசு நகரத்து மெனியர் என்பார் விளக்கிய, தலைசுற்றலோடு கூடிய செவிநோய்க்கு உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு; அதற்கும் போதிய சான்று இன்று.

ஆதலின், நண்பர்காள், உண்பனவற்றை ஒவ்வொன்றாய் விலக்கி உடல் மெலிதல் வேண்டா. பேரொலியினின்று செவியைக் காப்போம். எனினும், சிற்றொலிக்கும் அஞ்சி எந்நேரமும் அதனை அடைத்து வைத்தல் அச்சத்தையே வளர்க்கும். இரைச்சல் நீடிப்பின், மருத்துவரை அடுத்துக் கேள்வித்திறனைச் சோதித்தறிதலும், மனத்தைப் பழக்கும் பயிற்சியைக் கைக்கொள்ளுதலுமே தக்க நெறியாம்.