சோயாவில் மரபணு மாற்றம்: கண்டறிவது எப்படி?

மத்தியப் பிரதேசத்தில் குடியேறிய நம்மவர்களுக்குச் சோயா புதிதல்ல. ஆடி, ஆவணி மாதங்களில் இந்தூர், உஜ்ஜயினிப் பக்கம் ரயிலில் சென்றால், கரிசல் மண்ணில் பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரிவது சோயாச் செடிதான். நம் வீட்டுக் குருமாவில் சேரும் மீல்மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வதே.

'இது மரபணு மாற்றிய சோயாவா?' என்ற சந்தேகம் பல இல்லங்களில் எழுகிறது. இந்தியாவில் அத்தகைய சோயாவை வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி இல்லை. ஆனால் களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவில் 1996 முதல் விளைகிறது. நமக்கு எண்ணெய் அனுப்பும் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் பெரும்பகுதி அந்த வகையே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சோதனைக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சோதனைச் சீட்டு. இலையையோ விதையையோ அரைத்துக் கரைத்து, அதில் சீட்டை நனைக்க வேண்டும். புதிய மரபணு உண்டாக்கும் புரதம் இருந்தால் சில நிமிடங்களில் இரண்டு கோடுகள் தெரியும். இல்லாவிட்டால் ஒரே கோடு. வயலிலேயே செய்துவிடலாம்.

இரண்டாவது, பி.சி.ஆர். கொரோனா நாட்களில் நாம் கேள்விப்பட்ட அதே முறைதான். புகுத்திய மரபணுவின் சிறு துண்டைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும். கலப்பு எத்தனை சதவீதம் என்றும் இதில் அளக்கலாம்.

ஒரு பிடி விதையை மட்டும் சோதித்துத் திருப்தி அடையக் கூடாது. ஆயிரத்தில் ஒரு விதை கலந்திருந்தாலும் 95 சதவீத உறுதியுடன் கண்டுபிடிக்க, சுமார் 3,000 விதைகளைச் சோதிக்க வேண்டும்.

சுத்திகரித்த எண்ணெய் விஷயம் வேறு. அதில் புரதமும் மரபணுவும் ஏறக்குறைய நீங்கிவிடுவதால், சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. எந்த விதையிலிருந்து வந்தது என்பதை ஆவணங்களே சொல்ல வேண்டும்.

சோயா உள்பட 24 உணவுப் பயிர்களை இறக்குமதி செய்வோர், அவை மரபணு மாற்றப்படாதவை என்று சான்றிதழ் தர வேண்டும் என 2021 மார்ச்சில் விதி வந்தது. தவறிக் கலந்திருக்கலாம் என ஏற்கப்பட்ட அளவு 1 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில், கோழித் தீவனத் தட்டுப்பாட்டால், மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. அரைத்த பிண்ணாக்கு முளைக்காது. முழு விதை முளைக்கும். அதனால்தான் விதையில் கண்டிப்பு அவசியம்.

விதை வாங்கும் விவசாய நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், ரசீதையும் விதைப் பையின் சீட்டையும் அறுவடை வரை பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.