வேலை போன வீட்டில் பகல் பொழுது

வேலை போனதும் மனம் பணத்தைத்தான் சுற்றும். வாடகை, கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கூடவே இன்னொன்றும் போயிருக்கும். அது பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் உறைக்கும். காலையில் எழுந்து குளித்துக் கிளம்ப ஒரு காரணம் இருக்காது.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே ஆய்வு செய்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். நாள் முழுக்க நேரம் கிடந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடையே தளர்ந்து, தெருவில் நின்று நின்று போனார்கள். வீட்டு வேலை ஓயாத பெண்களின் நடை அவ்வளவு தளரவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை. பொழுதைப் பிடித்து நிறுத்திய கயிறு அறுந்துபோனதன் விளைவு.

அந்தக் கயிற்றை நாமே முடிந்துகொள்ளலாம். வேலை தேடுவதற்கென்று நேரம் வையுங்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை போதும். அதன்பிறகு லேப்டாப்பை மூடிவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பதால் எந்த எச்.ஆரும் பதில் போடப்போவதில்லை, தூக்கம்தான் கெடும். பதில் வருவது நம் கையில் இல்லை. எனவே இந்த வாரம் எத்தனை விண்ணப்பம் அனுப்பினோம், எத்தனை பழைய சகாக்களிடம் பேசினோம் என்பதை மட்டும் கணக்கு வையுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள். வேலை போனதைச் சொல்லாமல் தினமும் பையை மாட்டிக்கொண்டு பார்க்கில் போய் உட்காருவது இரட்டைச் சுமை. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து தாளில் எழுதுங்கள். தெரியாத பயத்தைவிடத் தெரிந்த தொகை மேல்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒன்று. “ஏதாவது தகவல் வந்துச்சா?” என்று தினமும் சாயங்காலம் கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், வேலை போனவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதைப் பேசுவதென்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சேதி வந்தால் அவரே ஓடிவந்து சொல்வார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி மையத்தை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.