உண்மை ரசிகர் யார்?

கோப்பை வென்ற நாளில் கூத்தாடுவோர் ஆயிரம் பேர். குழுவே பறிபோகும் நாளில் நிற்பவர் எத்தனை பேர்?

லண்டன் விம்பிள்டன் கால்பந்துக் குழு 1988-ல் லிவர்பூலை வீழ்த்தி எப்.ஏ. கோப்பையை வென்றது. 2002-ல் அக்குழுவைத் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கொதித்தனர். ஆனால், அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. சில வாரங்களிலேயே சொந்தமாகப் புதுக் குழு அமைத்தனர். ஊர்ப் பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தனர்.

ஒன்பதாம் படியில் ஆடத் தொடங்கிய அக்குழு, 2011-ல் நான்காம் படிக்கு ஏறியது. 2020-ல் பழைய பேட்டையான பிளவ் லேனுக்கே திரும்பியது.

கோப்பையும் இல்லை, பேர்பெற்ற வீரரும் இல்லை. ஆனாலும் டிக்கெட் வாங்கிக் குரல் கொடுத்தார்களே, அவர்களல்லவா ரசிகர்கள்!